முள் இறங்கிய வேளை

சவப்பெட்டி வாசலைத் தாண்டுவதற்கு முன் பெக்கியின் காரைச் சுழற்றியாக வேண்டும். மெடோலேண்ட்ஸில் கார் சுழற்றிப் பேரெடுத்தவன் செத்தால், கடைசிச் சுற்றை அவனுடைய கூடப்பிறந்த ரத்தம்தான் சுழற்றும். பெக்கிக்கு அப்படி இருந்தது இரண்டே பேர், தங்கை நொக்வாசியும் கடைக்குட்டி மூசியும். நொக்வாசி ஓட்டுவாள். மூசி ஜன்னல் வழியாக வெளியே சரிந்து, கால்களை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு, தலை தரையை உரசும் அளவுக்கு மல்லாந்து தொங்குவான்.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பெக்கி கேட்டது இந்த வண்டியைப் பற்றித்தான். பெட்டி போன்ற உடம்பு, இரட்டை விளக்குகள். தெருவில் எல்லோரும் இந்த ரக வண்டியை குஷேஷே என்றுதான் சொல்வார்கள். உள்ளே இரண்டரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். அடிப்பாகம் இரும்பு, மேலே இருக்கும் நீளமான ஹெட் அலுமினியம். இரும்பு சூட்டைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட்டில் வெடிப்பு விழும். விழுந்துவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்து எஞ்சின் செத்துப்போகும்.

விடிந்ததிலிருந்து நொக்வாசி வண்டியைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். எண்ணெய் பார்த்தாள். தண்ணீர் பார்த்தாள். டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றி பெல்ட்டை விரலால் முறுக்கிப் பார்த்தாள். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். போன குளிர்காலத்தில் அவளே மாற்றிய பெல்ட் அது. நன்றாகத்தான் இருந்தது. மூடியை மாட்டினாள். ஏதோ உறுத்த, மறுபடி கழற்றிப் பார்த்தாள்.

பிறகு எஞ்சினைக் கிளப்பிவிட்டு வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நடுவில் வந்து நிற்க வேண்டிய முள், எவ்வளவு நேரமாகியும் அடியிலேயே படுத்திருந்தது.

"மாமா, முள் ஏறவே மாட்டேங்குது."

அம்மாவின் தம்பி டுமிசானி, இஞ்சி பீர் கோப்பையோடு ஷாமியானாவிலிருந்து வந்தார். தெருவில் பாதி வண்டிகள் அவர் கொல்லையில்தான் பழுது பார்க்கப்பட்டன. இன்று கறுப்புக் கோட்டில் இருந்தார்.

"எப்படி ஏறும்? தெர்மோஸ்டாட்டக் கழட்டிட்டேன்ல!"

"கழட்டிட்டீங்களா? எப்போ?"

"நேத்து, நீங்கள்லாம் சாவுச் சாப்பாட்டுக்கு மாட்டை அறுத்துக்கிட்டு இருந்தப்போ. வெயில் அடிக்கிற அடிக்குத் தண்ணி நிக்காம ஓடணும்டி. கதவச் சாத்தி வெச்சா வீடு புழுங்காதா?"

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பித்தளைக் கதவு அது. எஞ்சின் சூடானால் திறக்கும், ஆறினால் மூடும். கார் கொதிக்கிறது என்று யார் வந்து நின்றாலும் இந்தப் பக்கத்தில் முதல் வைத்தியம் அதைப் பிடுங்கிப் போடுவதுதான். பழைய பிக்அப் வண்டிகளில் அந்த வைத்தியம் பலித்தும் இருக்கிறது.

ஆனால் பெக்கி ஒருமுறை வேறு மாதிரி சொல்லியிருந்தான். இந்த எஞ்சினில் அந்தக் கதவுக்கு வேலை இரண்டு. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே திரும்பிவிடும் குறுக்கு வழியை அதன் மறுமுனை அடைக்கும். கதவே இல்லையென்றால் தண்ணீரில் பெரும்பங்கு குறுக்கு வழியில் ஓடிவிடும். சும்மா நிற்கும்போது முள் குளிர்ச்சி காட்டும். எஞ்சினை வதைக்கும்போதுதான் உண்மை தெரியும். அப்படித்தான் அவன் சொன்னதாக நினைவு. இந்த எஞ்சினைப் பற்றித்தான் சொன்னானா? அன்றைக்கு அவர்கள் வேறெதையாவது பிரித்துப் போட்டிருந்தார்களா? நொக்வாசிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"மாமா, இதுல அது ஒண்ணத் திறந்தா இன்னொண்ண மூடும். அண்ணன் சொல்லியிருக்கு."

"உங்கண்ணனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே இந்தக் கைதான்டி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஓட்டப் பயமா இருந்தா சொல்லிடு தாயி, நாங்க ஓட்டறோம்" என்றான் ஒருவன்.

"கழட்டினது எங்க மாமா? திருப்பி மாட்டிடலாம்."

"எங்க கெடக்கோ! தேடி எடுத்து, மாட்டி, தண்ணி ஊத்தி, காத்து வெளியேத்தி... அதுக்குள்ள பிணமே எந்திரிச்சு நடந்துடும். போதகர் கடிகாரத்தப் பாக்குறாரு பாரு."

அமரர் ஊர்தி தெருமுனையில் வந்து நின்றிருந்தது. வீட்டுக்குள்ளே பாயில் உட்கார்ந்திருந்த அம்மா துக்க வழக்கப்படி வெளியே வரக்கூடாது. எஞ்சின் சத்தம் மட்டும்தான் அவளுக்கு எட்டும். அதற்காகத்தான் காத்திருப்பாள். மாட்டேன் என்று இப்போது எப்படிச் சொல்வது? ஒருவேளை மாமா சொல்வதுதான் சரியோ?

மூசி வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காலணியுமாக வந்து கதவைத் திறந்தான். சுழலும்போது பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு எஞ்சின் மூச்சு விடாமல் கத்த வேண்டும். நடுவில் அது தொய்ந்தால் சக்கரம் தரையைக் கவ்வும், வண்டி எகிறும், வெளியே தொங்குகிறவன் வண்டிக்கு அடியில் போவான்.

"மூசி, உன் முழங்கால்ல ரெண்டு அடி அடிச்சேன்னா உடனே உள்ள வந்துடணும். ஏன்னு கேக்கக் கூடாது."

"அடிச்சா இன்னும் நல்லா ஆடச் சொல்றேன்னு நெனச்சுக்குவேன்."

"மூசி!"

"சரிக்கா, சரி. கஞ்சி வெந்துச்சான்னு அடுப்புக்கிட்டயே நிக்கிற ஆளாச்சே நீ. ஓட்டுக்கா."

இன்னொரு காரியமும் செய்தாள். எஞ்சின் தண்ணீரைக் கொண்டே வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்தாள். எஞ்சினின் சூட்டில் கொஞ்சமாவது அந்த வழியாக இறங்கட்டும் என்றுதான். மூசி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

இரண்டாவது கியர். ஸ்டீயரிங்கை ஒடித்துக் கிளட்சை விட்டதும் எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றில் அலறியது. தெரு ஒரே கோடாகச் சுழன்றது. டயர் புகைக்கு நடுவில் விசில், கூச்சல், "பெக்கி! பெக்கி!" என்ற கூப்பாடு. மூசி வழுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போனான். இருக்கையின் விளிம்பில் மாட்டியிருந்த அவன் கால்கள் மட்டும் அவள் இடதுகைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

முள் மெல்ல எழுந்து நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. பார், வீணாகப் பயந்தாய் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அடுத்துப் பார்த்தபோது முக்காலைத் தாண்டியிருந்தது.

மூசியின் முழங்காலில் இரண்டு அடி வைத்தாள். அவன் வெளியே கைகளை விரித்து ஒரு கூவல் போட்டான். கூட்டம் பதிலுக்குக் கூவியது.

சிவப்புக் கோட்டைத் தொடப் போன முள் அந்த நேரத்தில் சரசரவென்று இறங்கியது. நடுவுக்கு வந்து, அதையும் தாண்டி அடிக்கே போய்விட்டது. அவளுக்கு உயிர் வந்தது. ஆறிவிட்டது. மாமா சொன்னதுதான் சரி.

அவ்வளவு சீக்கிரமாகவா ஆறும்?

தன்னை நம்பாமல் முள்ளை நம்புவது அவளுக்கு எளிது. முள் அளவைக் காட்டுகிறது, அவளிடம் இருப்பதோ ஒரு சந்தேகம் மட்டும்தான். ஆனாலும் ஹீட்டரின் வாயில் கையை வைத்துப் பார்த்தாள். இதுவரை நெருப்பாக வீசிய காற்று குளுகுளுவென்று வந்தது. தண்ணீரில் கலந்திருந்த கூலன்ட் ஆவியாகும் வெல்லப்பாகு வாடை மூக்கில் ஏறியது.

எஞ்சின் ஆறவில்லை. வெப்பமானி தொட்டுப் பார்க்கத் தண்ணீர் இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் ஆவியாகி வெளியே பீய்ச்சிப் போயிருக்கிறது. எஞ்சின் வெறும் உலோகமாக வெந்துகொண்டிருந்தது.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் பிழைக்கலாம். எடுத்தால் மூசி பிழைக்க மாட்டான்.

காலை இன்னும் அழுத்தினாள். மறுபடி இரண்டு அடி. அவன் இன்னும் கீழே சரிந்தான். எஞ்சினின் குரல் மாறத் தொடங்கியது. ஆறு சிலிண்டரில் ஏதோ ஒன்று தடுக்கியது. பின்சக்கரம் ஒரு கணம் தரையைக் கவ்விவிட்டு மறுபடி வழுக்கியது. வெளியே மூசியின் தலை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கணுக்காலைப் பிடித்து நகங்கள் பதியக் கிள்ளினாள்.

"ஆஆ! என்னடி..." என்று வசவோடு எழுந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு, தோளைச் சுருக்கி, பாம்பு வளைக்குள் போவதுபோல் உள்ளே வந்து விழுந்தான். அவன் பின்பக்கம் இருக்கையைத் தொட்டதும்தான் அவள் காலை எடுத்தாள். வண்டி ஒரு எகிறு எகிறி வேலிக்கு முன்னால் நின்றது. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

யாரும் கை தட்டவில்லை. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெள்ளை ஆவி எழுந்தது.

"நெசமாவே ஆடச் சொல்றேன்னுதான்க்கா நெனச்சேன்" என்றான் மூசி. அவன் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கத் தார் உரசிய கறை.

மாமா வந்து முன்மூடியைத் தூக்கினார். ஆவி கலைந்தபின் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். பால் விட்ட தேநீர்போல் இருந்தது. கம்பியைத் துடைக்காமல் அப்படியே சொருகினார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய எதையோ எடுத்து ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தார். பிரித்தாள். பித்தளைத் தெர்மோஸ்டாட்.

"பையிலயேவா வெச்சிருந்தீங்க?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்கடி." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் பின்னால் போனார். "என்னடா வேடிக்கை? வந்து தள்ளுங்கடா! ஊர்திக்கு முன்னாடி இந்த வண்டிதான் போகணும்."

சிரித்தவர்களும் வந்தார்கள். ஓட்டறோம் என்றவனும் வந்து தோள் கொடுத்தான். வீட்டு ஜன்னல் திரை விலகி அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டா சத்தம் நின்னுபோச்சு? புள்ளைங்க என்ன ஆனாங்க?"

"ரெண்டு பேரும் இங்கதாம்மா இருக்கோம்!" என்று கத்தினான் மூசி. திரை கொஞ்ச நேரம் அப்படியே விலகி இருந்தது. பிறகு மூடியது.

முதலிலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று நொக்வாசி யோசித்தாள். மூசியின் கணுக்காலில் நகக்குறிகள் சிவந்திருந்தன. சவப்பெட்டி வாசலைத் தாண்டி ஊர்தியில் ஏறியது. வண்டி தள்ளுக்குத் தள்ளு குலுங்கி நகர, ஹீட்டர் இன்னமும் குளிர்ந்த காற்றையே வீசிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கல்லறைச் சாலைப் பக்கம் திருப்பினாள்.