காதில் விழுந்த சொல்

காசிமேட்டு இறால் கொட்டகையில் விடியுமுன்பே கைகள் ஐஸ் தண்ணீருக்குள் இறங்கிவிடும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவிப் போடவேண்டும். இறாலின் தலைக்கொம்பு குத்திய இடமெல்லாம் சிவந்தியின் விரல்களில் புண். உப்பு பட்டால் உயிர் போகும். எல்லோருக்கும் கையுறை வேண்டும் என்று முதலாளி தாமோதரனிடம் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

மறுநாள் அத்தனை பெண்கள் நடுவில் அவள் கூடையை உதைத்துத் தள்ளினான் தாமோதரன்.

"இறாலைப் புடவைல சுருட்டிகினு போற திருடி! உனுக்கு கிளவுஸு ஒரு கேடா? வெளிய போ!"

ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

அந்தச் சொல் அவளுக்கு முன்பே ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. மற்றக் கொட்டகைகளில் ஆள் வேண்டாம் என்றார்கள். அவள் குடத்தோடு வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது. வெகுகாலமாகத் தனியாக வாழ்கிறவள்தான். ஆனால் தன் வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் நடக்க வேண்டியிருந்தது இப்போதுதான்.

திருவொற்றியூர் நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி வக்கீல் ஜானட் முழுவதையும் கேட்டார்.

"இது அவதூறும்மா, வழக்குப் போடலாம். ஆனா உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லியிருந்தா அது அவதூறு ஆகாது. மத்தவங்க காதுல விழுந்திருக்கணும். கேட்டவங்க யாராவது சாட்சி சொல்வாங்களா?"

அன்று மாலை, கொட்டகையில் தன் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கும் காத்தூன் பீவியின் வீட்டுக்குச் சிவந்தி போனாள்.

"ஐஸ் ஒடைக்கிற மிஷின் சத்தத்துல எனுக்கு ஒண்ணும் கேக்கல சிவந்தி."

தாமோதரன் கூடையை உதைத்த அன்று மிஷின் ஓடவே இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

விடியலில் கொட்டகை வாசலில் போய் நின்றாள். நின்று என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னாம்மே, கேஸ் போடப் போறியாமே?" சிரித்தபடி தாமோதரன் உள்ளே திரும்பினான். "நான் சொன்னத எவளாவது கேட்டீங்களா? கேட்டவ இப்பவே வூட்டுக்குப் போலாம்."

உரிக்கும் கைகள் நின்றன. காத்தூன் பீவி கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எனுக்குக் கேட்டுச்சு. திருடின்னு சொன்ன. அவ ஒரு இறாலு எடுத்து நான் பாத்ததில்ல. நாளைக்கு நான் வாயத் தொறந்தா எனுக்கும் இதே பேருதான வெப்ப?"

"எனுக்குந்தான் கேட்டுச்சு," என்று எதிரே உரித்துக்கொண்டிருந்த நர்மதா எழுந்தாள். பின்வரிசையில் இன்னும் சிலர் எழுந்தார்கள்.

"பொழப்பு போயிடும், யோசிச்சுக்கோங்க!"

"அத்தினி பேரும் போயிட்டா யாரு உரிப்பா? நீயா?" என்று கேட்டாள் நர்மதா.

சாட்சி சொல்ல வந்த பெண்களிடம், வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், தோற்கவும் கூடும் என்று ஜானட் மறைக்காமல் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. நீதிமன்ற வராந்தாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். காத்தூன் பீவி டப்பாவைத் திறந்து ஓர் இட்லியைச் சிவந்தியின் கையில் வைத்தாள்.

"அன்னிக்கு கேக்கலன்னு சொன்னேன்ல..."

"தெரியும்க்கா. நீயும் துன்னு."

உள்ளிருந்து ஜானட் சிவந்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.