தாய்மாமன் மடி

அரியமுத்து வடக்கேயிருந்து ஊர் திரும்பி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கூடப்பிறந்த தங்கச்சி பெற்ற பிள்ளையை அவன் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? சீர் செய்யப் பயந்துகொண்டு நழுவுகிறான் என்றது. வடக்கே எவளையோ சேர்த்துக்கொண்டான், அவள் பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்றும் சொல்லிப் பார்த்தது. இல்லாத அந்தப் பெண்ணின் நிறமும் உயரமும் டீக்கடையில் ஏற்கெனவே முடிவாகியிருந்தன.

விஷயம் வேறு. அவனுக்குப் பயம். பிள்ளையைக் கண்டு அல்ல, தன்னைக் கண்டுதான். தன் கையை, தன் வியர்வையை, தான் படுத்து எழுந்த பாயைக் கண்டு.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இரும்பு அறுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தவனை ஒரு காண்ட்ராக்டர்தான் அழைத்துப் போனார். வடக்கே எங்கோ பழைய அணு உலை ஒன்றை மூடிவிட்டார்கள். கரண்டு எடுக்கிற பெரியது அல்ல, ஆராய்ச்சிக்கென்று கட்டிய சின்ன உலை. கட்டத்தான் படித்தவர்கள் வேண்டும். பிரித்துப்போட இவனைப் போன்றவர்கள் போதும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். தலை முதல் கால் வரை உறைபோட்டு மூடி, உள்ளே ஓடு, குழாயை அறு, வெளியே ஓடி வா என்பார்கள். அவ்வளவுதான் வேலை. என்ன அவசரம் என்று கேட்டால், உள்ளே கண்ணுக்குத் தெரியாதது இருக்கிறது, அதிக நேரம் நிற்கக்கூடாது என்பார்கள். கண்ணுக்குத் தெரியாதது என்றால் ஊரில் வேறு அர்த்தம். அதற்காவது வேப்பிலை உண்டு.

வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு மிஷின் நிற்கும். அதில் ஏறி இரண்டு கையையும் இரண்டு ஓட்டைகளுக்குள் நுழைக்க வேண்டும். உடம்பில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத தூசி ஒட்டியிருந்தால் அது கூவும். கூவினால் போய்க் குளித்துவிட்டு வர வேண்டும். எத்தனையோ நாள் குளித்துவிட்டு வந்தபின் அடங்கியிருக்கிறது. கடைசி நாளன்று மட்டும் அடங்கவில்லை. சோப்புப் போட்டான், பிரஷ் போட்டான், தோல் உரியத் தேய்த்தான். ஏறி நின்றால் மறுபடி கூவியது. காண்ட்ராக்டரின் மேஸ்திரிக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். "மிஷினுக்குத்தான் கோளாறு, வாடா" என்று பக்கத்துக் கதவு வழியாக எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சத்தம் அரியமுத்துவோடு ரயிலேறி வந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் போட்டிருந்த துணியைக் கொளுத்தினான். வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு இலையைக் குழிதோண்டிப் புதைத்தான். கல் வெட்டியெடுத்து விட்டுப்போன, யாரும் இறங்காத கல்லாங்குழித் தண்ணீரில் போய்க் குளித்தான். வாசலில் படுத்திருந்த நாயைக்கூடக் கல்லெறிந்து விரட்டினான். பாவம், அது என்னத்தைக் கண்டது!

மாசி பிறந்ததும் தங்கச்சி மலர்க்கொடி வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள். அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். கூடவே அவள் புருஷன் ராசாங்கம். இடுப்பில் பிள்ளை.

"அண்ணே, வர வெள்ளிக்கெழம சிறுவாச்சூர்ல பாப்பாவுக்கு மொட்ட போட்டுக் காது குத்துறோம். ஒன் மடியிலதான் வச்சுக் குத்தணும். வேற யாரு இருக்கா எனக்கு?"

"எனக்கு ஒடம்பு சரியில்ல மலரு. பெரியப்பா மவன் வைரக்கண்ணு இருக்கான்ல, அவன ஒக்கார வையி. அவனும் மாமன்தான்."

"சீருக்காவ யோசிக்காதீங்க மச்சான்," என்றான் ராசாங்கம். "ஒத்த வேட்டியோட வந்தாலும் போதும்."

"அதுக்கில்ல மாப்ள..."

"அப்பறம் எதுக்கு?" என்றாள் மலர்க்கொடி. "ஆறு மாசப் புள்ளைண்ணே. ஒரு தடவ தூக்குனியா? இந்தா, இப்ப தூக்கு." பிள்ளையை அப்படியே அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். பிள்ளை சிரித்துக்கொண்டே கையை விரித்தது.

அரியமுத்து துள்ளிப் பின்வாங்கினான். பின்தலை கதவு நிலையில் மோதி ரத்தம் கசிந்தது. "கிட்ட கொண்டாராத!" என்று அவன் போட்ட கூச்சலில் பிள்ளை வீரிட்டு அழுதது.

மலர்க்கொடி அழவில்லை. வெற்றிலைத் தட்டைத் தரையில் வைத்தாள். "நீ வரலன்னா எனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அரியமுத்து உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தான். சொன்னால் அவளும் பயப்படுவாள். அந்தப் பயத்தை அவளுக்கும் கொடுக்க வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பக்கத்து சிமெண்டு ஆலையில் ஒரு குழாயருகே யாரும் போகக்கூடாது என்று மஞ்சள் பலகை மாட்டியிருப்பதையும், அரங்கநாதன் என்று ஒரு சார் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பதையும் சுரங்கத்துக் கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பலகையில் போட்டிருந்த படத்தை அவர்கள் மண்ணில் கீறிக் காட்டியிருந்தார்கள். வடக்கே கதவுக்குக் கதவு ஒட்டியிருந்த அதே படம்.

ஆலை வாசலில் காத்துக் கிடந்தான். சைக்கிளில் வெளியே வந்த அரங்கநாதனை வழிமறித்து, எட்ட நின்றே எல்லாவற்றையும் கொட்டினான். அவர் முதலில் இவனைக் குடித்தவன் என்றுதான் நினைத்தார். கூவுகிற மிஷினைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறியது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார்.

வேலியோரப் புளியமரத்தடியில் அவனைக் கையை விரித்து நிற்கச் சொன்னார். பெட்டியின் குழலைத் தலைமயிரில், நகக்கண்ணில், மார்பில், உள்ளங்காலில் மெதுவாக நகர்த்தினார். எப்போதாவது ஒரு 'டிக்'. அரியமுத்துவுக்கு ஒவ்வொரு டிக்குக்கும் உயிர் போய் வந்தது.

"ஒண்ணுமில்லப்பா."

"சத்தம் கேக்குதே சார்."

"அது மண்ணுலயும் கல்லுலயும் எப்பவும் இருக்கறது. இங்க பாரு." தன் கையிலிருந்த இருட்டில் மின்னும் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குழலருகே பிடித்தார். பெட்டி படபடவென்று பொரிந்து தள்ளியது. "எங்க அப்பா வாட்ச்சு. முள்ளுல ரேடியம் பூசியிருக்கு. இதுல இருக்கறதுகூட ஒங்கிட்ட இல்ல. தோல்ல ஒட்டியிருந்தது எப்பவோ கழுவிட்டுப் போயிருக்கும்."

"கொழந்தையத் தொடலாமா சார்?"

"தாராளமா. ஒங்கிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒன் ஒடம்பு அங்க உள்ள எவ்வளவு வாங்குச்சுங்கறது வேற. அதப் பாக்க எங்கிட்ட பொட்டி கெடையாது. எதுக்கும் பெரியாஸ்பத்திரியில ஒரு தடவ காமி."

பின்பாதி அவன் காதில் ஏறவே இல்லை. முன்பாதியே போதுமாக இருந்தது. அந்த மனிதர் காலில் விழப்போனான். அவர் சைக்கிளைக் குறுக்கே விட்டுத் தப்பித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் எள் போட இடமில்லை. அரியமுத்து தோளில் பட்டுத்துண்டும், மடியில் குண்டுமணியளவு தங்கத் தோடும், கையில் சீர்த்தட்டுமாக வந்து இறங்கினான். மலர்க்கொடி உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மாவிளக்குக்கு இடித்துக்கொண்டிருந்த மாவு கையெல்லாம் ஒட்டியிருந்தது. "வருவேன்னு தெரியும்ணே, எனக்குத் தெரியும்" என்று அழுதாள், சிரித்தாள். பிள்ளையை அவன் மடியில் போட்டுவிட்டு மறுபடி உரலண்டை போனாள்.

பிள்ளை கனமாக இருந்தது. சூடாக இருந்தது. அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. இந்தச் சின்ன உடம்புக்காகத்தானே இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று அவனுக்கு நெஞ்சு விம்மியது. அந்தச் சந்தோஷம்தான் அவன் வாயைத் திறந்துவிட்டது. இனிமேல் சொன்னால் என்ன?

"அன்னக்கி நான் ஏன் குதிச்சேன் தெரியுமா மலரு?" என்று ஆரம்பித்தான். உலையைச் சொன்னான். உறையைச் சொன்னான், தூசியைச் சொன்னான், கூவுகிற மிஷினைச் சொன்னான். பேய்க்கதை சொல்கிறவன் போலச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

உலக்கை நின்றது.

"அது கூவுச்சா?"

"கூவுச்சு. எவ்வளவு தேச்சும் அடங்கல. ஆனா சிமெண்டு ஆலை அரங்கநாதன் சாரு கைப்பொட்டி வச்சுப் பாத்துட்டாரு. ஒண்ணுமே இல்லன்னுட்டாரு."

"அங்க இருந்த பெரிய மிஷினு கடசி வரைக்கும் அடங்கலையாண்ணே?"

"அடங்கல. ஆனா..."

"இவரு வச்சிருந்தது சின்னப் பொட்டியா?"

அரியமுத்துவுக்குச் சிரிப்பு மெல்ல வடிந்தது. போபாலில் விஷக்காற்றில் செத்து மண்ணுக்குள் கிடந்த பிள்ளையின் படம் பேப்பரில் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஊருக்கே டீக்கடையில் வாசித்துக் காட்டினார்கள். அதைக் கேட்டு இவள் வீடு வரை அழுதுகொண்டு போனதை ராசாங்கம் சொல்லியிருந்தான்.

"பாப்பாவுக்குப் பசிக்கும்," என்றாள் மலர்க்கொடி. பிள்ளை அழவே இல்லை. குனிந்து, அவன் கை மேல் தன் கை படாமல், பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். எப்படி அவ்வளவு லாவகமாகத் தூக்கினாள் என்று அவனுக்கே ஆச்சரியம். கைப்பம்பு இருந்த பக்கம் நடந்தாள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பால் கொடுக்கவில்லை. பிள்ளையின் சட்டையை உருவினாள். தொடையையும் முதுகையும் கழுவினாள். மீசையைப் பிடித்த கையை ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். ராசாங்கத்தைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குள் நாவிதரும் காது குத்தும் பத்தரும் வந்துவிட்டார்கள். "தாய்மாமன் எங்கப்பா? மணையில ஒக்காருங்க!" என்று சொந்தக்காரர்கள் சத்தம் போட்டார்கள். நாலு பேர் சேர்ந்து அரியமுத்துவைத் தோளைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். "இத்தன நாளு டிமிக்கி குடுத்தியே, இன்னக்கி மாட்டுனியா!" என்று ஒரு கிழவி அவன் கன்னத்தில் இடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மலர்க்கொடி பிள்ளையோடு வந்து நின்றாள். நின்ற இடத்திலிருந்து அவள் கால் நகரவில்லை. கூட்டம் "குடும்மா, குடு" என்றது. அவள் அண்ணனைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில், வெறுப்பும் இல்லை. உதடு வெளுத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல், பிள்ளையை நெஞ்சோடு இறுக்கினாள். இத்தனை பேர் நடுவில் அண்ணனை அவமானப்படுத்தாமல் எப்படித் தப்புவது என்று தவித்தாள் அவள். அந்தப் பயம் அவனுக்குத் தெரியும். ஒரு மாதமாக அதோடுதானே குடும்பம் நடத்தினான்.

அரங்கநாதன் சாரை இங்கேயே கூட்டி வரலாம். பெட்டியைப் பிள்ளை மேலேயே பிடித்துக் காட்டச் சொல்லலாம். அப்போதும் அவள் கேட்பாள், அங்கே ஏன் அடங்கவில்லை என்று. அதற்குத் தன்னிடமும் பதில் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அரியமுத்து மணையிலிருந்து எழுந்தான்.

"எனக்குக் காலையிலேருந்து ஜொரம் அடிக்குதுங்க," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கும். வைரக்கண்ணு, நீ வந்து ஒக்காருடா. நீயும் மாமன்தான்."

கூட்டம் முணுமுணுத்தது. யாரோ "மறுபடி ஆரம்பிச்சுட்டான் பாரு" என்றார்கள். அவன் காதில் வாங்காமல் தோட்டை எடுத்துச் சீர்த்தட்டில் வைத்துவிட்டு விலகி நின்றான். மலர்க்கொடிக்கு மூச்சு வந்தது. கண்ணில் நீர் முட்ட, நன்றியோடு அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

பிறகு அவள் முந்தானையை நனைத்து, தட்டில் இருந்த தோட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.