எண்பத்து நாலு மார்க்

மாடக்கண்ணு அண்ணாச்சி எண்பத்து நாலு வாங்கிய செய்தி, நான் ஆய்க்குடியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே காதுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் அதே பேச்சு. எந்தப் பரீட்சையில் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி சொல்லவும் மாட்டார்.

அது ரத்தப் பரிசோதனை. தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் உடம்பு கிருமியை எப்படி எதிர்க்கிறது, அதற்கு ரத்தத்தில் என்ன அடையாளம், அதாவது மார்க்கர், தெரிகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் கொடுப்பதும் நிர்மலாதேவியாகிய என் வேலை. போன வாரம், "அண்ணாச்சி, உங்க மார்க்கர் ரிப்போர்ட்" என்று கையில் திணித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். அவர் காதில் 'மார்க்' வரைக்கும்தான் விழுந்திருக்கிறது. தப்பு என்னுடையதுதான். ஆனால் தென்காசியிலிருந்து நின்றுகொண்டே வந்த கால்வலியில் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

அண்ணாச்சி ரிட்டயரான போலீஸ் ஏட்டு. இப்போதும் சீசனில் குற்றாலத்தில் விசில் ஊதி, வலது கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்துகிற வேலை. நாலு நாள் முன்பு டாக்டர் அந்தக் கையின் முழங்கையைத் தொட்டுப் பார்த்து, நரம்பு வீங்கியிருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் ஒன்றுகூடப் போடவில்லை என்று அவர் மனைவி முப்பிடாதியம்மாள் அக்கா போனில் சொன்னதால்தான் நான் வந்தேன்.

உள்ளே போய் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "எம்பத்து நாலும்மா! இவளுக்கு எவ்வளவு தெரியுமா? பன்னெண்டு."

அதே வீட்டில் நோய் இல்லாதவர் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் ரத்தத்தையும் எடுத்திருந்தோம்.

"பன்னெண்டு வாங்குனவ ஆக்குன சோத்தத்தான மூணு நேரமும் திங்கிய?" என்றார் அக்கா.

"ஏன் அண்ணாச்சி மாத்திரை போடல?"

"அது எதிர்ப்பு சக்தியக் கொறைக்குமாம்லா. கஷ்டப்பட்டு வாங்குன மார்க்க எவனாவது மருந்து தின்னு கொறைப்பானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதக் கொறைக்கத்தான் மாத்திரையே. கிருமி செத்துக்கிட்டு கெடக்கு. செத்ததையும் விடாம உங்க உடம்பு அடிக்கு. அந்த அடி நரம்பு மேல விழுது. கலவரத்த அடக்கப் போன போலீசு, தெருவுல நின்னவன எல்லாம் அடிச்ச மாதிரி."

"அப்பிடித்தாம்மா அடிப்போம். அந்த நேரத்துல ஆளு பாத்தா அடிக்க முடியும்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணாச்சி ரிப்போர்ட்டை மடியில் வைத்துத் தடவினார். குரல் இறங்கிவிட்டது. "எஸ்.ஐ. பரீட்ச மூணு மட்டம் எழுதுனேம்மா. மூணுலயும் ஃபெயிலு. எனக்கு சல்யூட் அடிச்ச பயலுவளுக்கு நான் சல்யூட் அடிச்சேன். என் ஆயுசுல உருப்படியா வாங்குனது இந்த ஒரு மார்க்குதான்."

பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் நரம்பு பிழைக்காது.

"விரல நீட்டி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல அந்தப் பேப்பர இறுக்கிப் பிடிங்க. நான் இழுப்பேன். விடக் கூடாது."

"லாரிய நிறுத்துன கைம்மா இது" என்று சிரித்தார்.

இழுத்தேன். மேஜையிலிருந்து எடுத்த மாதிரி வந்துவிட்டது. தயாராக இல்லை என்றார். மறுபடி இழுத்தேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை அக்கா இழுத்தார். அவருக்கும் சும்மா வந்தது. புருஷனைத் தோற்கடித்த சந்தோஷம் அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"என்னங்க இது?" என்றார்.

"இப்பிடியே விட்டா அந்த விரலு ரெண்டும் மடங்கிக்கிடும். இப்பவே மாத்திரை போட்டா பலம் திரும்ப நெறைய வாய்ப்பு இருக்கு."

"வண்டிய நிறுத்த முடியாதோ?"

"சோத்தையே ஒழுங்காப் பெசைய முடியாது."

அண்ணாச்சி கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப எம்பத்து நாலு நல்ல மார்க்கு இல்ல?"

"மார்க்கே இல்ல அண்ணாச்சி. அது ஆராய்ச்சிக்கு உள்ள நம்பரு. உங்களுக்கு அது எறங்குனாத்தான் நல்லது."

"ஃபெயிலானாத்தான் பாஸா?"

"ஆமா."

அக்கா ஏற்கெனவே தண்ணீரும் மாத்திரையுமாக நின்றார். அண்ணாச்சி வாங்கி விழுங்கினார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த பரிசோதனை முடிவைக் கொண்டுபோனேன். இந்தத் தடவை, "ரத்த ரிப்போர்ட்" என்று திருத்தமாகச் சொன்னேன். பத்தொன்பது. அண்ணாச்சி அதை விரலிடுக்கில் வைத்து, அக்காவிடம் கையை நீட்டினார்.

"ஏட்டி, இழு."

அக்கா இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பேப்பர் கிழிந்து பாதி அவர் கையோடு வந்தது. மீதிப் பாதி அண்ணாச்சியின் விரலிடுக்கிலேயே இருந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி சுண்டு விரலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எத்தனையோ ஃபெயிலு பாத்துட்டேம்மா. இந்த ஃபெயிலுதான் எனக்குக் கை குடுத்திருக்கு."