தலை சாய்ந்த கப்பித்தான்

மைக்கேல்ராஜுக்கு மைக் செட் தேவைப்பட்டதே இல்லை. கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் அவர் மீன் ஏலம் கூறினால், கரைக்கு வந்துகொண்டிருக்கும் கட்டுமரத்தில் இருப்பவனுக்கே அன்றைய விலை தெரிந்துவிடும் என்பார்கள். காரைக்காலில் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தொண்டையைக் கழற்றி ஆணியில் மாட்ட அவருக்குத் தெரியாது. "மேரி, உப்பு!" என்று சாப்பாட்டில் உட்கார்ந்து கேட்பார். எதிர்வீட்டு லோகாம்பாள் உப்பு ஜாடியோடு வாசலில் வந்து நிற்பாள்.

அவர் மனைவி ஜெயமேரி நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் ஒரு புன்னகை, ஒரு தலையாட்டல். தெருவே அவளைக் குணவதி என்றது. குணம் இல்லையென்று சொல்லவில்லை, இருந்தது. ஆனால் பாதித் தலையாட்டலுக்குக் காரணம் குணமல்ல. அவளுக்கு இடது காது கேட்காது.

சின்ன வயதில் சீழ் பிடித்துப் போன காது. வரிச்சிக்குடியில் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அப்பா மரியமுத்து அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "காதைப் பத்தி மூச்சு விடாதே. கேக்கலன்னா சிரிச்சுக்கிட்டே தலையாட்டிடு" என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல யோசனைதான். அதை எப்போது நிறுத்தலாம் என்பதை மட்டும் சொல்லாமல் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பாண்டிச்சேரிக்குக் காலேஜ் படிக்கவும் போயாயிற்று. ஜெயமேரி இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டிய கணவரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம்தான் அவளுக்குப் பயமே. குறையை மறைத்து விற்பவனைக் கண்டால் மைக்கேல்ராஜுக்கு ஆகாது. "நேத்து மீனுன்னா நேத்து மீனுன்னு சொல்லிட்டுத்தான் கூறணும். மறைச்சுத் தள்ளுறவன் மனுசனா?" என்று தினமும் சோற்றுக்கு முன்னால் பிரசங்கம் வைப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் குனிந்து, பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைவாள். அப்படியே அவர் மன்னித்தாலும், விஷயம் அவர் வாய்க்குப் போனால் முடிந்தது. கட்டுமரம் வரைக்கும் போய்விடும்.

நல்லவேளையாக அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ரிக்‌ஷாவில் ஏறினாலும் சரி, படுத்தாலும் சரி, அவளுக்கு வலது பக்கத்தைத்தான் பிடித்துக்கொள்வார். "இந்தப் பக்கந்தான் காத்து வருது" என்பார். காற்று வராத இடத்திலும் அதையே சொல்வார். அந்த அசட்டுப் பிடிவாதத்துக்காக ஜெயமேரி அந்தோனியாருக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள்.

அந்த அந்தோனியார்தான் எழுபத்தெட்டாம் வருஷ ஜூன் மாதத் திருவிழாவில் அவளைச் சிக்கலில் மாட்டிவிட்டார்.

திருவிழா அன்று பூசை முடிந்ததும், ஜனங்கள் நேர்ந்துகொண்டு வந்த கோழி, வாழைத்தார், ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவது வழக்கம். கூறுகிறவர் மைக்கேல்ராஜ். இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கூறுகிறவர் தான் எதையும் ஏலம் கேட்கக் கூடாது. எடுக்க ஆளில்லாத பொருள் நேர்ந்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகும். போனால், புனிதரே வேண்டாமென்று தள்ளிவிட்டதாக அர்த்தம். மைக்கேல்ராஜ் பெஞ்சில் ஏறி நின்று கூறத் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு தேங்காய்கூடத் திரும்பியதில்லை. அதில் அவருக்கு மகா கர்வம்.

அன்றைக்குக் கடைசியாக வந்தது ஒரு கூடை. அதை நேர்ந்தவர் சொல்தா சிலுவைராஜ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக, இருந்துவிட்டு வந்து பென்ஷனில் சாப்பிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் அவருக்கு முயல்கறியும் ஒரு கிளாஸ் ஒயினும் வேண்டும். அதற்காகவே கொல்லையில் முயல் வளர்த்தார். கால்வலி தீர்ந்தால் இருப்பதில் நல்ல முயலாகத் தருகிறேன் என்று அந்தோனியாருக்கு வேண்டிக்கொண்டிருந்தார். கால்வலி தீர்ந்தது. தீர்ந்த பிறகு யோசித்துப் பார்த்தார். புனிதர் கறி சாப்பிடுகிறவரா என்ன?

கூடையைத் திறந்தால் உள்ளே எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளை முயல். தலை இடது பக்கமாகச் சாய்ந்து, ஒரு கண் வானத்தையும் ஒரு கண் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தது. நிற்க முயன்று, ஒரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று விழுந்தது. கூட்டம் சிரித்தது.

மைக்கேல்ராஜ் தன் தர்மத்தை விடவில்லை. "கழுத்துச் சாஞ்ச மொசலு! நேரா நடக்காது! தானா எந்திரிக்காது! சொல்லிட்டேன்! கேக்குறவங்க கேளுங்க!" என்று கூவினார். இத்தனையும் சொன்ன பிறகு யார் கேட்பார்கள்? திரும்பிப் போனால் இன்று ராத்திரியே சட்டிதான் என்பது சொல்தாவின் முகத்திலேயே தெரிந்தது.

மைக்கேல்ராஜ் பெஞ்சிலிருந்து இறங்கினார். பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்த ஜெயமேரியிடம் வந்தார். அவளுக்கு வலப்புறம் பேண்டு செட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அவர் இடப்புறம் நின்று எதையோ கேட்டார். அவள் கண்டது அவருடைய வாய் அசைவதை மட்டுந்தான். வழக்கம்போலப் புன்னகைத்தாள். வழக்கம்போலத் தலையாட்டினாள்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! மொசலு ஜெயமேரிக்கு!"

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கியபோதுதான் அவளுக்கு நடந்தது முழுசாகப் புரிந்தது. "என்னாங்க இது? இதைப் போய் யாராவது வாங்குவாங்களா?"

"உங்கிட்டக் கேட்டுத்தானே உன் பேருக்குக் கூறுனேன்? நீதானே சரின்னே? ஊரே பாத்துச்சே!"

கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? முயலைத் தூக்கினாள். அது அவள் கையில் நடுங்கியது.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சுவாமிநாதன் அதன் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "காதுக்குள்ள சீழ் வச்சிருக்கு. அதான் தலை சாய்ஞ்சிடுச்சு. மருந்து விட்டா சீழ் ஆறும். தலை இப்படியேதான் இருக்கும், இந்தக் காதும் கேக்காது. அந்தப் பக்கமாப் போய்த் தொட்டுடாதீங்க, ஆள் வர்றது தெரியாமப் பயந்து உருள ஆரம்பிச்சிடும். எப்பவும் நல்ல காதுப் பக்கமாப் போங்க" என்றார். ஜெயமேரிக்குக் கண் கலங்கியது. முயலுக்காக என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. பழைய புடவையைச் சுருட்டி, சாய்கிற பக்கம் அண்டை கொடுத்தாள். கிண்ணத்தில் வைத்தால் கவிழ்ந்தது என்று கொட்டாங்கச்சியைக் கையில் பிடித்துத் தண்ணீர் காட்டினாள். அருகம்புல்லையும் முருங்கைக்கீரையையும் ஒவ்வொன்றாக வாயருகே கொண்டுபோய் ஊட்டினாள். தரையைப் பார்க்கும் கண்ணில் தூசி விழும். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். சொல்தா வீட்டிலிருந்து வந்ததாலும், தலை சாய்ந்திருப்பது தொப்பியைச் சாய்த்து வைத்தது போல இருந்ததாலும், மைக்கேல்ராஜ் அதற்குப் பட்டாளத்துக் கேப்டன் என்ற அர்த்தத்தில் கப்பித்தான் என்று பெயர் வைத்தார்.

பெயரோடு நிறுத்தியிருக்கலாம். சத்தம் கேட்டால் கப்பித்தான் உருள்கிறது என்று தெரிந்ததும், வாசலில் நின்று தெருவையே அடக்கக் கிளம்பினார். "சத்தம் போடாதீங்கய்யா! எங்க வீட்டுல ஒருத்தருக்கு இடது காது கேக்காது!" என்று அவர் போட்ட சத்தத்தில் கப்பித்தான் மூன்று சுற்று உருண்டது. அடுப்படியில் இருந்த ஜெயமேரிக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் "மொசலைச் சொல்றேன்" என்று அவர் சேர்த்துக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

ஆகஸ்டு மாதத்துக்குள் கப்பித்தான் தேறிவிட்டது. உடம்பு வைத்தது. தலை மட்டும் சாய்ந்தபடியே, கோணலாக ஓடி வந்து அவள் மடியில் ஏறியது. அந்தச் செய்தியும் மைக்கேல்ராஜ் புண்ணியத்தில் ஊர் முழுக்கப் போனது. சொல்தா வீட்டுக்கும் போனது.

ஒரு சாயங்காலம் சொல்தா வந்தார். ஜெயமேரி கப்பித்தானை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மைக்கேல்ராஜ் கொல்லையில் பம்பு அடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டுமென்று சொல்தா அவளருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தது இடது பக்கம். பேசியது கிசுகிசுவென்று.

அவளுக்கு ஒன்றும் விழவில்லை. உதடு தானாகப் புன்னகைத்தது. தலை தானாக அசையத் தொடங்கியது. அதற்குள்ளேயே சம்மதம் கிடைத்துவிட்டதாக எண்ணி, சொல்தா கையை நீட்டிக் கப்பித்தானின் பிடரியைப் பிடித்தார். அவர் கை வந்தது கேட்காத பக்கத்திலிருந்து. கப்பித்தான் வெலவெலத்து அவள் மடியிலேயே உருண்டது.

பாதியில் நின்றது ஜெயமேரியின் தலை. எதற்கு ஆட்டப் போனோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முயலை அணைத்துக்கொண்டாள். கொல்லைக் கதவில் துண்டோடு மைக்கேல்ராஜ் வந்து நிற்பது தெரிந்தது. தெரிந்துதான் சொன்னாள்.

"அண்ணே, எனக்கு இந்தக் காது கேக்காது. சின்னப் புள்ளையிலேர்ந்தே கேக்காது. நீங்க சொன்னது ஒண்ணும் விழல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

சொல்தா எழுந்து, மறுபக்கம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணுமில்ல தங்கச்சி... நாளைக்கு வீட்டுல விருந்தாளிங்க. இதைக் குடுத்தியன்னா, பதிலுக்கு நல்ல குட்டியா ரெண்டு..."

"இப்ப கேட்டுச்சு. முடியாது."

அவள் வாயிலிருந்து அப்படியொரு சொல் வரும் என்று அந்தத் தெரு நினைத்ததில்லை. சொல்தா "பார்தோன், பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.

ஜெயமேரி கணவரைப் பார்க்காமல் காத்திருந்தாள். இதோ கூவப் போகிறார், லோகாம்பாள் ஓடி வரப் போகிறாள் என்று காத்திருந்தாள். மைக்கேல்ராஜ் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் குந்தினார்.

"மறைச்சுட்டேங்க," என்றாள். "அப்பா சொல்லக் கூடாதுன்னாரு. அப்புறம் எனக்கே சொல்லத் தைரியம் வரல."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"உன் காது. கல்யாணத்தன்னிக்கே தெரியும். சாமியாரு உன் இடது பக்கமா நின்னு, இவனைக் கட்டிக்கச் சம்மதமான்னு தாடிக்குள்ளயே கேட்டாரு. கேள்வி பாதியில இருக்கு, நீ தலையாட்டிச் சம்மதம்னுட்டே. கூறுறவன்ட்டயா மறைக்க முடியும்? யாரு கேட்டுத் தலையாட்டுறான், யாரு கேக்காமத் தலையாட்டுறான்னு பாக்குறதுதானே என் பொழப்பு."

அவளுக்கு ரிக்‌ஷாவும் காற்றும் ஞாபகம் வந்தன. காற்றே வராத ரிக்‌ஷாக்கள். கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. "அப்போ அன்னிக்கு ஏலத்துல..."

"இடது பக்கமா வந்து நின்னதே அதுக்குத்தான். வலது பக்கமா வந்து கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே. மொசலு சட்டிக்குப் போயிருக்கும்."

அடப்பாவி மனுஷா! அவளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் அழுகை வந்துவிட்டது. "ஒண்ணு விடாம ஊருக்குக் கூறுற ஆளு, இதை மட்டும் எப்படிங்க இத்தனை வருஷம் வாய்க்குள்ள வச்சிருந்தீங்க?"

அவர் ஒரு கீரைத்தண்டை எடுத்து, கப்பித்தானுக்கு நல்ல காதுப் பக்கமாக நீட்டினார். அது தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் தொண்டையில் இப்படியும் ஒரு குரல் உண்டா என்று அவள் வியக்கும்படி, மெல்லக் கேட்டார்.

"சாமியாரு கேட்டது உன் காதுல விழல. விழாமலே சம்மதம்னுட்டே. விழுந்திருந்தா என்னா சொல்லியிருப்பே மேரி?"

கல்யாணத்தன்றிலிருந்து அவர் இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு இருந்தாரா? ஒரு எழுத்து விடாமல் அவளுக்குக் கேட்டிருந்தது. ஆனாலும் முகத்தை வழக்கம்போலப் புன்னகைக்கு வைத்துக்கொண்டு, "என்னாங்க? கேக்கல" என்றாள்.

மைக்கேல்ராஜ் குழம்பிப் போனார். தான் உட்கார்ந்திருப்பது எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். சரியான பக்கந்தான். சரி, கேட்கவில்லையென்றால் கேட்க வைக்க வேண்டியதுதான் என்று, கடற்கரையில் இழுப்பதுபோல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

ஜெயமேரி கீரை மணக்கும் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"சம்மதம்," என்றாள். "இதைத் தெருவுக்குக் கூற வேணாம்."

பொத்திய கைக்குப் பின்னாலிருந்து மைக்கேல்ராஜ் தலையை ஆட்டினார்.