மார்ச் மாதத்தில் டெனி கோல் அடிப்பதில்லை

1

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையின் முதல் வரியை நான் எழுதியது வீட்டு மேசையில் அல்ல. டெல்லியர் ஃபால்ஸ் ஐஸ் அரங்கத்தில், ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, ஆட்டத்தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்தத் தாளின் முன்பக்கத்தில் எழுதுவதுதான் என் வேலை. கோல் அடித்தது யார், தள்ளிக்கொடுத்தது யார், யாரை நடுவர் தண்டனைப் பெட்டியில் உட்காரவைத்தார் என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் லீக் அலுவலகத்துக்குப் போகும். சம்பளம் கிடையாது, இடைவேளையில் ஒரு காபி உண்டு. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று அந்த ஆட்டத்துக்குப் பதினோரு வருடத்துக்கு முன் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அந்த முதல் வரி இது: 'மார்ச் மாதத்தில் டெனி கெஸ்னெலின் மட்டையிலிருந்து கோல் பிறப்பதில்லை.'

[பிறப்பதில்லை என்றால் பிரசவ ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. அடித்துவிட்டு 'விழுவதில்லை' என்று மாற்றினேன். இந்தத் திருத்தம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.]

2

டெனியை எப்படி அறிமுகப்படுத்துவது என்று மூன்று முறை முயன்றேன்.

'ஆறடி உயரமும் அகன்ற தோள்களும் கொண்ட டெனி' – இல்லை, அவர் ஐந்தடி எட்டு அங்குலம்.

'சிங்கம் போல் பாய்ந்து' – இந்த ஊரில் சிங்கம் கிடையாது. மூஸ் என்கிற பெரிய மான் இருக்கிறது, அது பாயாது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டெனி கெஸ்னெல், வயது முப்பத்தாறு, காகித ஆலையில் எலெக்ட்ரீஷியன், எங்கள் அணியின் பதினேழாம் எண். அந்த வருடம், அதாவது 1996இல், முப்பது ஆட்டத்தில் நாற்பத்தொரு கோல் அடித்திருந்தார். நவம்பரில் அவர் கடைக்குப் போனால் காபிக்குக் காசு வாங்க மாட்டார்கள். மார்ச்சில் பிளேஆஃப், அதாவது தோற்றவர்கள் வெளியேறுகிற கோப்பைச் சுற்று, தொடங்கும். அதே கடையில் அதே மனிதருக்கு ஆறிய காபி கிடைக்கும். நான்கு வருடம், இருபத்திரண்டு பிளேஆஃப் ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. ஊர் அவருக்கு 'பிப்ரவரி டெனி' என்று பெயர் வைத்திருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஊர் சொன்னது அவருக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். அந்த வருடத்தோடு ஆட்டத்தை விடுவதாக மனைவி ஜோசியானிடம் சொல்லியிருந்தார். விடுவதற்கு முன் ஒரே ஒரு பிளேஆஃப் கோல் வேண்டும். கோப்பைகூட இரண்டாம் பட்சம்தான். தான் பயந்தாங்கொள்ளியா இல்லையா என்று அவருக்கே தெரிய வேண்டியிருந்தது.

3

பெரிய ஆட்டக்காரர்கள் பிளேஆஃபில் ஏன் கோல் அடிக்கத் திணறுகிறார்கள்? இதற்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு.

பயிற்சியாளர் ராய் டன்பார் சொல்வது: ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் ஆட வேண்டும். முதல் ஆட்டத்தில் நீ எந்தப் பக்கம் திரும்புவாய் என்று எதிராளி பார்ப்பான், மூன்றாவதில் நீ திரும்புவதற்கு முன் அங்கே நிற்பான். இருபது வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது புரியும்.

உணவுக் கவுண்டர் வரிசை சொல்வது: நடுவர்கள் பிளேஆஃபில் விசிலை விழுங்கிவிடுகிறார்கள். ஜனவரியில் மட்டையால் இடுப்பைக் கொக்கி போட்டு இழுத்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். மார்ச்சில் அதற்குப் பெயர் 'கம்பீரமான ஆட்டம்'.

என்னோடு களத்தோரக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஆட்டக் கடிகாரத்தை இயக்கும் பெர்னீஸ் சொல்வது: "அதிர்ஷ்டம் சார். வேற ஒண்ணுமில்ல."

இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு கோல் அடிக்கிறவன் இருபத்திரண்டு ஆட்டம் சும்மா இருப்பதற்கு அதிர்ஷ்டத்தை மட்டும் காரணம் சொல்ல வேண்டுமானால், உலகம் தோன்றிய நாளிலிருந்து ஹாக்கி ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பெர்னீஸிடம் சொன்னேன். "அப்போ துரதிர்ஷ்டம்" என்றார்.

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கிறதே என்று நினைக்கிறீர்கள். சரிதான். ஆனால் நான்காவது விளக்கம் ஒன்று இருக்கிறது, அதற்குள் கதை இருக்கிறது. அதன் பெயர் காயம்.]

4

பிளேஆஃப் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு டெனியின் இடது கைக் கட்டைவிரல் உடைந்தது. எங்கள் வழக்கப்படி பிளேஆஃபில் யாருக்கு எங்கே அடிபட்டது என்று சொல்லக்கூடாது. சொன்னால் எதிரணி அங்கேயே தட்டும். 'மேலுடம்பில் காயம்' அல்லது 'கீழுடம்பில் காயம்', அவ்வளவுதான். தலை போனாலும் மேலுடம்பு, கால்நகம் பெயர்ந்தாலும் கீழுடம்பு.

ராய் இன்னும் ஒரு படி மேலே போனார். உள்ளூர் ரேடியோவில் டெனிக்குக் கீழுடம்பில் காயம் என்று அறிவித்துவிட்டார். எதிரணியான ஹார்க்னஸ் ஊர்க்காரர்கள் காலைக் குறிவைப்பார்கள், கை தப்பிக்கும் என்பது அவர் திட்டம்.

ஹார்க்னஸ் அரைமணி நேரத் தூரம்தான். அந்த ஊர் ஜனங்கள் காய்கறி வாங்குவதே எங்கள் ஊர்க் கடையில். ஆகவே டெனி நொண்ட வேண்டியதாயிற்று.

"டெனி, நொண்டு," என்று ஜோசியான் அடிக்குரலில் சொல்வார். "ஹார்க்னஸ் பொம்பளை ஒருத்தி தக்காளி பக்கம் நிக்கறா."

"எந்தக் கால்டி?"

"ஏதோ ஒண்ணு. சீக்கிரம் நொண்டித் தொலை."

ஊர்க்காரர்கள் முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பின்லாந்து வம்சத்து லாய்ட்டினென் அம்மாள் தன் வீட்டு நீராவி அறையில் அவரை நாற்பது நிமிடம் உட்காரவைத்துக் காலுக்கு மட்டும் ஒத்தடம் கொடுத்தார். கட்டுப்போட்ட விரலை டெனி துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு அத்தனை வெந்நீரையும் பொறுத்துக்கொண்டார். நல்ல காலையும் வேகவைத்தாயிற்று, கெட்ட விரலும் ஆறவில்லை.

5

இனி வருகிற பாத்திரத்தை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் கதை நிற்கவில்லை.

ஹார்க்னஸ் அணியில் டெனியின் மேல் நிழலாக ஒட்டிக்கொள்ள நியமிக்கப்பட்டவர் மெர்வ் ஸ்டாட்னிக். அவர் பல் டாக்டர். இரண்டு ஊருக்கும் அவர் ஒருவர்தான். டெனியின் மேல்வரிசையில் மூன்று பல் அவர் கட்டியது. ஆட்டத்தில் டெனியின் விலாவில் இடிப்பார், முழங்காலில் தட்டுவார், முகத்தை மட்டும் தொட மாட்டார். தன் வேலைப்பாட்டின் மேல் அவ்வளவு அக்கறை. மூச்சு விடாமல் காதருகே பேசிக்கொண்டே வருவார்.

"ராத்திரி படுக்கறப்போ பல்லு தேய்க்கிறியா?"

"தள்ளுய்யா."

"ஈறு வீங்கியிருக்கு. ஏப்ரல்ல வா, பாக்கறேன். ஏப்ரல்ல உனக்கு என்ன வேலை, எப்படியும் தோத்துடுவீங்க."

மூன்றாம் ஆட்டம்வரை காலைத் தட்டினார். நான்காம் ஆட்டத்தில் அவர் சொன்னதை டெனி பிறகு என்னிடம் சொன்னார். (டெனியின் மனசுக்குள் நடந்ததாக நான் எழுதுவதில் முக்கால்வாசி அவர் சொன்னது, மீதி என் கைச்சரக்கு.)

"செவ்வாக்கிழம ரொட்டி வாங்க வந்தப்போ வலது காலு நொண்டுன. வியாழக்கிழம இடது காலு. ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. அப்போ வலிக்கிறது வேற எங்கயோ, இல்லியா?"

அடுத்த நொடி மட்டையால் டெனியின் இடது கட்டைவிரலில் தட்டினார். டெனி பெஞ்சுக்கு வந்து, கையுறையைக் கடித்துக்கொண்டு அழுதார். ஒளித்துவைத்ததனால்தான் விரல் மாட்டிக்கொண்டது. ராய் மட்டும் அடுத்த நாள் ரேடியோவில் மறுபடியும் கீழுடம்பு என்றே சொன்னார்.

6

ஏழாம் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. ஆளுக்கு மூன்று வெற்றி. ஜெயிக்கிறவர்களுக்கு அடுத்த சுற்று. கடைசிப் பகுதியில் இரண்டுக்கு இரண்டு. ஆறு நிமிடம் பாக்கி.

இங்கே ஒரு மகத்தான வர்ணனை வர வேண்டும். 'டெனி எதிரணி எல்லையின் நீலக்கோட்டைத் தாண்டினார், அவர் கண்களில் –' 'அந்தக் கணத்தில் அரங்கமே மூச்சை –' முடியவில்லை. காரணம் மிக எளிது. நான் பார்க்கவில்லை.

தாளின் பின்பக்கத்தில் குனிந்து 'பிறப்பதில்லை'யை அடித்து 'விழுவதில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். 'லை'க்குக் கொம்பு போடும்போது கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். நிமிர்ந்தால் பக், அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, வலைக்குள் கிடக்கிறது. எங்கள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள்.

நடுவர் சறுக்கிக்கொண்டே வந்தார். "பதினேழு அடிச்சது. வழியில இருபத்திரண்டு மேல பட்டுச்சோ என்னவோ. பக் கோல் கோட்டைத் தாண்டுச்சான்னுதான் நான் பாத்தேன். நீங்க பாத்ததை எழுதுங்க."

இருபத்திரண்டு என்பது ஓரெஸ்ட் கோவல். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், உருவத்தில் அந்த வண்டிக்குத் தம்பி. எதிரணி கோல்காப்பாளரின் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பதுதான் அணியில் அவர் வேலை. டெனி அடித்த பக் கடைசியில் ஓரெஸ்டின் மேல் உரசியிருந்தால் கோல் ஓரெஸ்டுடையது. உரசாவிட்டால் டெனியுடையது.

"பெர்னீஸ், நீங்க பாத்தீங்களா?"

"நான் கடிகாரத்தைப் பாப்பேன், நீங்க ஆளுங்களப் பாப்பீங்க. பதினோரு வருஷமா அதானே ஏற்பாடு. ஏன், நீங்க எதைப் பாத்தீங்க?"

தாளை முன்பக்கம் திருப்பி வைத்தேன். மூன்றுக்கு இரண்டு என்று ஆட்டம் முடிந்தது. கோல் அடித்தவர் பெயருக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவு: ஓரெஸ்ட் கூண்டுக்கு வருகிறார். "எம் மேல படல வாத்தியாரே. டெனியோடது. எழுதுங்க." பதினேழு என்று எழுதுகிறேன். ஊர் ஆனந்தக் கண்ணீர் விடுகிறது. சுபம்.

ஓரெஸ்ட் உண்மையிலேயே வந்தார், இதையேதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது தன் வலது தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முடிவு: கைகுலுக்கும் வரிசை முடிந்து மெர்வ் வருகிறார். "ஓரெஸ்ட் தொடையில பட்டுத்தான் போச்சு. நான் ஒரு முழம் தள்ளி நின்னேன்." இருபத்திரண்டு என்று எழுதுகிறேன். டெனி ஆட்டத்தை விடுகிறார். சோகம், இலக்கியத் தரம்.

மெர்வும் வந்தார். ஆனால் டெனியை ஐந்து வருடம் சுழியத்தில் நிறுத்தினேன் என்று ஹார்க்னஸில் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிற ஆள் அவர்.

மூன்றாம் முடிவில் நான் எல்லார் முன்னாலும் எழுந்து, கதை எழுதிக்கொண்டிருந்தேன், மன்னியுங்கள் என்கிறேன். இந்த ஊரில் நான் இன்னும் காபி குடிக்க வேண்டும்.

மூன்றும் வேண்டாம். நடந்தது இதுதான். எல்லாரும் உடை மாற்றப் போன பிறகு டெனி தனியாக வந்தார். கையுறை இல்லை. விரல் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. கட்டத்தை எட்டிப் பார்த்தார், காலியாக இருந்தது.

"ஓரெஸ்ட் எனக்காகப் பொய் சொல்லுவான்," என்றார். "மெர்வ் எனக்கு எதிரா சொல்லுவான். எனக்கே தெரியல வாத்தியாரே, அடிச்சதும் ஓரெஸ்ட் முதுகுதான் தெரிஞ்சுது. எனக்கு ரொம்ப ஆசைதான். இல்லேன்னு சொல்லல. ஆனா பிச்சை வேணாம். நீங்க ஒருத்தர்தான் எந்தப் பக்கமும் இல்லாம பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. என்ன பாத்தீங்களோ அதைச் சொல்லுங்க. இருபத்திரண்டுன்னாலும் சரி, நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவேன்."

நான் தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பின்பக்கம் அவர் கண்ணில் படாமல் இருக்க.

இந்த இடத்தில் இருபத்தெட்டு வருடமாக நிற்கிறேன். ஒவ்வொரு வரைவிலும் இங்கே வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. லீக்குக்கு ஏதோ ஓர் எண் எழுதி அனுப்பினேன். அதைச் சொன்னால் உண்மை அதுதான் என்று நினைத்துவிடுவீர்கள், அதனால் சொல்ல மாட்டேன். அவர் முகத்தைப் பார்த்து என்ன சொன்னேன் என்பதை எழுதுகிற தைரியமும் எனக்கு இல்லை. மார்ச் மாதத்தில் கை நடுங்குவது ஹாக்கிக்காரர்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது?

ஆகவே கூண்டுக்குள் வாருங்கள். நாற்காலி குளிரும், பழகிவிடும். பேனா இந்தாருங்கள். நான் எழுதிக்கொண்டிருந்ததால் அந்தக் கோலைப் பார்க்கவில்லை. நீங்கள் என் வாக்கியத்தை வாசித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. டெனி கூண்டின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறார், வலிக்கிற கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு. நீங்கள் பார்த்தீர்கள் என்றுதான் நம்புகிறார்.