இருபத்தேழாம் எண் டப்பா

என் கணவரின் அக்காவுக்கு என் வேலையை வெளியில் சொல்லிக்கொள்ளக் கூச்சம். யாராவது கேட்டால், "ஏதோ ஆஸ்பத்திரியில இருக்கா" என்று பேச்சை மாற்றிவிடுவார். ஆய்வகத்தில் என் மேசைக்கு வரும் மாதிரிகளில் பாதி மலம். அதுதான் காரணம்.

அந்த அண்ணிக்குக் கால் வீங்கியது. முதலில் செருப்பு பிடிக்கவில்லை. பிறகு முழங்கால் வரை எங்கே அழுத்தினாலும் குழி விழுந்தது. இதயம், கல்லீரல், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. ரத்தத்தில் புரதம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. "குடல் வழியா ஒழுகுதான்னு பார்த்துடுவோம்" என்று மருத்துவர் ஒரு சோதனை எழுதிக்கொடுத்தார். அதைச் செய்யும் ஆள் நான்.

"செத்தாலும் கொடுக்க மாட்டேன்" என்றார் அண்ணி. "அதக் கொடுத்துட்டு நாளைக்கு உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"டப்பாவுல பேரே இருக்காது அண்ணி. வெறும் நம்பர்தான்."

"உனக்குத் தெரிஞ்சுடுமே!"

"மகாராணி கொடுத்தாலும் அங்க ஒரே மாதிரிதான் அண்ணி இருக்கும்."

மூன்று நாள் வீம்பு பிடித்தார். நாலாம் நாள், நான்கு பைகளுக்குள் சுற்றிய டப்பா என் கணவர் கையில் வந்தது. அதற்கு விழுந்த எண் இருபத்தேழு.

நாங்கள் தேடியது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற ரத்தப் புரதத்தை. செரிக்கவைக்கும் நொதிகளையே மடக்கிப்போடும் குணம் அதற்கு. ஆகவே குடலுக்குள் கசிந்தால் செரிக்காமல் முழுசாக வெளியே வந்துவிடும். மாதிரியைக் கரைத்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விடுவோம். அடியில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடவே ஊற்றும் இன்னொரு எதிர்ப்பொருள் அதன் முதுகில் ஏறி நிறம் காட்டும். நிறம் அடர்ந்தால் புரதம் அதிகம்.

அண்ணியின் குழி வெளிர் மஞ்சளாக நின்றது. இயல்பான அளவு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கால்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. புரதம் அளவுக்கு மீறினாலும் நிறம் குறையும் என்று படித்திருக்கிறேன். அடியில் இருக்கும் எதிர்ப்பொருளைப் புரதத்தில் ஒரு கூட்டமும், நிறம் காட்டும் எதிர்ப்பொருளை வேறொரு கூட்டமும் பிடித்துக்கொண்டுவிட்டால், எதிர்ப்பொருள் இரண்டும் ஒரே புரதத்தில் சேர வழியே இருக்காது. கரைசலை இன்னும் நூறு மடங்கு நீர்க்கவைத்துச் சோதனையை மறுபடி ஓட்டினேன். மஞ்சள் அடர்ந்தது. கணக்குப் போட்டால், இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல்.

ஆய்வகத் தலைவர் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வேற யாரோடதா இருந்தா மறுபடி ஓட்டியிருப்பியாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டேன் சார். நார்மல்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் தட்டுல இருந்த மத்ததையும் எடு. இனிமே எல்லாத்தையும் ரெண்டு அளவுல நீர்க்கவச்சுப் பாரு."

திரும்ப ஓட்டிய முப்பத்தொன்பதில் இன்னொன்றின் அளவும் ஏறியது. பதினாலாம் எண். யாரென்று எனக்குத் தெரியாது. அந்த எண்ணின் திருத்திய அறிக்கையை நானே மூன்று மாடி ஏறிப் போய் வார்டு நர்ஸிடம் கொடுத்தேன்.

"போன்ல சொல்லியிருக்கலாமே" என்றார்.

"பரவாயில்ல. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அண்ணியின் குடலில் நிணநீர் ஓடும் நாளங்கள் விரிந்து கசிவதை மருத்துவர் கண்டுபிடித்தார். சாப்பாட்டில் வழக்கமான கொழுப்பை அறவே நிறுத்தி, அந்த நாளங்கள் வழியே போகாமல் நேரே ரத்தத்தில் சேரும் வேறொரு எண்ணெய் கொடுத்தார். வீக்கம் மெல்ல வடிந்தது. இரண்டு மாதம் கழித்து, வேலை நேரத்தில் போன் அடித்தது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போயிட்டு வந்துட்டேன்" என்றார் அண்ணி. "நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி. ஒரு தட்டு பாக்கி இருக்கு."

"முதல்ல போய்க் கையக் கழுவிட்டுச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.