அறுகு மூடிய இடம்

அறுகம்புல் இரு திசைகளில் வளர்கிறது. நிமிர்ந்த தண்டு மேல்நோக்கியும் ஓடுதண்டு தரையை ஒட்டியும் செல்கின்றன. ஓடுதண்டின் கணுக்கள்தோறும் வேர் ஊன்றுவதால், மிதிபட்டுத் தேய்ந்த தரையையும் அப்புல் சில வாரங்களில் மூடிவிடும். நாற்பது வயதுக்குமேல் மாலைக் கல்லூரியில் தாவரவியல் பயின்று பட்டம் பெற்ற எனக்கு இது மனப்பாடம்.

பாளையங்கோட்டை மகாராஜநகரில் எங்கள் வீட்டு முன்புறப் புல்தரையில், தாம்பாளத்தின் அகலத்துக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. எங்கள் மகள் வடிவு நாள்தோறும் கயிறு தாண்டிக் குதித்த இடம் அது. 1996 ஆடியில் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அவளுக்கு வயது ஒன்பது. ஆவணியில் ஓடுதண்டுகள் அவ்விடத்தின் விளிம்பைக் கடந்தன. அதனை முதலில் கண்டவள் என் மனைவி சித்ரலேகா.

"ஏங்க, மழை பிடிச்சா இது மூடிரும்லா? நீங்க இதத்தானே படிச்சீங்க. நிப்பாட்ட முடியாதா?"

முடியும். மாந்தோப்புக்காரர்கள் வாங்கும் வளர்ச்சி ஒடுக்கி மருந்து, ஜிப்ரலின் என்னும் வளர்ச்சிப் பொருள் உருவாவதைத் தடுக்கிறது. செல்கள் நீள்வதில்லை; கணுவிடைகள் குறுகுகின்றன; இலை கரும்பச்சை ஆகிறது. தேய்ந்த தரை ஆறுவதும் தாமதமாகிறது. விளையாட்டுத் திடல்களுக்கு இது ஒரு குறை என்று நூல்கள் கூறும். எங்களுக்கு அந்தக் குறையே தேவைப்பட்டது.

நான் மருந்தைக் கரைத்து ஊற்றியபோது அடுத்த வீட்டு ஐயம்பெருமாள் அண்ணாச்சி மதில்மேல் கைவைத்து நின்றார்.

"என்ன வே, புல்லுக்கும் குடும்பக் கட்டுப்பாடு பண்ணுதீரா?"

ஊற்றிய இடத்தைப் பார்த்ததும் மதிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் புல் நகரவில்லை. காலையில் வாசல் தெளித்ததும் சித்ரலேகா அங்கே போய்ச் சிறிது நேரம் நிற்பாள். அவள் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் அந்நாட்களில்தான்.

தை மாதத்தில் மருந்தின் வீரியம் தீர்ந்தது. ஒடுக்கப்பட்ட காலத்தில் புல் உண்டாக்கிய மாவுச்சத்து செலவாகாமல் தண்டில் சேர்ந்திருக்கும். ஆதலால் தடை நீங்கியதும் அது முன்னிலும் விரைவாக வளரும். இதனை அவளுக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் அவள் வெறுங்காலோடு அந்தத் துளிர்களை மிதித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. நான் தடுக்கவில்லை. சில நாட்கள் அவ்வாறே சென்றன. பிறகு ஒரு காலையில் அவளே நின்று, குனிந்து, தரையைப் பார்த்தாள்.

"என் காலு பெருசுங்க. இது அவ இடம் மாதிரியே இல்ல."

மீண்டும் மருந்து ஊற்றலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உள்ளே சென்றாள்.

பங்குனியில் அவள் தங்கை களக்காட்டிலிருந்து வந்திருந்தாள். வடிவு குதிக்கும் இடம் எது என்று கேட்டாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். வேறு வேறு இடங்களைக் காட்டினோம்.